விழா வாயிலில் நின்றவர்கள்

ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டின் விழாவைக் காண வேண்டும் என்பர். அவ்விழா நாளில் அந்நாட்டார் அல்லாதவர் எங்கே நிற்கின்றனர், எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதையும் உடன் காண வேண்டும் என்பது நம் கருத்து. கூடத்தின் நடுவே அமர்ந்திருப்பவர்க்கு விழாவின் ஒளி தெரியும். வாயிலில் நிற்பவர்க்கே வீட்டாரின் உள்ளம் தெரியும்.

கடல் கடந்து சென்று பொருளீட்டாத குடும்பம் நம் சமுதாயத்தில் அரிது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், வீட்டுக்கு ஒருவரேனும் அயல்நாட்டு விழா ஒன்றைக் கண்டு வந்தவராயிருப்பார். அவர்கள் ஊர் திரும்பிச் சொல்லும் செய்திகளில் வாணவேடிக்கையும் விளக்கொளியும் மிகுதியாக இடம்பெறும். நாம் ஈண்டு எழுதப் புகுவது அவ்வியப்பைப் பற்றியன்று. ஒரு வினாவைப் பற்றியது. பிறர் நாட்டு விழாவில் விருந்தினராய் நின்ற நாம், நம் நாட்டு விழாவில் விருந்தோம்புவோராய் நின்றதுண்டா என்பதே அவ்வினா.

டிசம்பர் 2

இக்கல்லூரியில் பணியேற்பதற்கு முன் நான்காண்டுகள், ஐக்கிய அரபு அமீரகத்தின் சார்ஜா நகரில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியொன்றில் நாம் தமிழ் கற்பித்து வந்தோம். அக்காலத்தில், 2011 டிசம்பர் 2ஆம் நாள், அந்நாட்டின் 40ஆம் தேசிய நாளைக் குடும்பத்தோடு காணும் வாய்ப்புக் கிட்டியது.

1971 டிசம்பர் 2 அன்று அபுதாபி, துபாய், சார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ஃபுஜைரா ஆகிய ஆறு அமீரகங்கள் ஒன்றிணைந்து ஒரு நாடாயின. 1972 பிப்ரவரி 10இல் ராஸ் அல் கைமா ஏழாவதாக இணைந்தது. முதல் குடியரசுத் தலைவரான ஷேக் ஸாயித் அவர்கள் 2004இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்து நாட்டை வளர்த்தெடுத்தார். இன்று அவ்விழா 'ஈத் அல் இத்திஹாத்', அதாவது ஒன்றியப் பெருநாள், என்னும் பெயரால் வழங்கப்படுகின்றது. 2024இல் இப்பெயர் அறிவிக்கப்பட்டது.

நாம் கண்ட அந்நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிப்பட்டபோது தெருவெங்கும் சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு நிறங்கள். ஆட்சியாளர் படங்கள் ஒட்டப்பட்ட ஊர்திகள் ஒலியெழுப்பி ஊர்ந்தன. இளைஞர் நுரையைப் பீய்ச்சி விளையாடினர். ஒரு திடலில் 'அய்யாலா' என்னும் மரபுக் கலை நடைபெற்றது. ஆடவர் இரு வரிசையாக எதிரெதிர் நின்று, கையில் மூங்கிற்கோல் ஏந்தி, முரசொலிக்கேற்பத் தோளசைத்துப் பாடினர். இக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2014இல், அமீரகத்துக்கும் ஓமானுக்கும் பொதுவான மரபுச் செல்வமாக ஏற்றது. முந்தைய நாள் நம் பள்ளியில் தஞ்சாவூர்ப் பிள்ளைகளும் திருநெல்வேலிப் பிள்ளைகளும் அரபியரின் வெள்ளை அங்கி அணிந்து, அந்நாட்டுப் பண்ணை அரபு மொழியிலேயே பிழையறப் பாடியதையும் கண்டு மகிழ்ந்தோம்.

இவ்விழாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அமீரக மக்கள்தொகையில் அந்நாட்டுக் குடிமக்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. எஞ்சியோர் வந்தேறிப் பணிபுரிவோர். அவர்களுள் இந்தியர் மட்டும் 35 இலட்சத்திற்கும் மேற்பட்டவர். ஆகவே வீட்டாரைவிட விருந்தினர் பன்மடங்கு மிக்க வீட்டில் நடைபெறும் திருமணம் போன்றது அவ்விழா. விருந்தினர் விழாவில் எவ்வாறு பங்கேற்பது என்னும் வினா அங்கே அன்றாட வாழ்வின் வினாவாகின்றது.

நன்றியும் முகமனும்

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கீழக்கரைக் காக்கா ஒருவர் 'பக்காலா' என அங்கே வழங்கும் சிறு மளிகைக் கடை நடத்திவந்தார். 1977இல் அந்நாட்டுக்கு வந்தவர். அன்று காலையிலேயே கடை முகப்பில் அமீரகக் கொடியைக் கட்டி, வண்ண விளக்குத் தொங்கவிட்டு, வரும் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்தார்.

"நான் வந்து இறங்கினப்போ இந்த நாட்டுக்கு ஆறு வயசு, தம்பி. எனக்கு இருபத்திரெண்டு. ரெண்டு பேரும் சேந்தே வளந்தோம்" என்றார்.

"காக்கா, முப்பத்துநான்கு ஆண்டு இருந்தும் இது நம் நாடு ஆகவில்லையே. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விசாவைப் புதுப்பித்துத்தானே இருக்கிறீர்கள்?" என்று நாம் கேட்டோம்.

"அதனால என்ன? சோறு போட்ட வீட்டுல கல்யாணம்னா நாம வாசல்ல ஒரு விளக்கு வைக்கமாட்டோமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பிறர் நாட்டு விழாவைக் கொண்டாடுதல் பிழைப்புக்காகச் சொல்லும் முகமன் என்று கருதுவோர் நம்மிடையே உளர். ஒருகால் சிலரளவில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் காக்காவின் விளக்கில் முகமன் இல்லை. மக்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவன் ஆகான் என்னும் கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அவ்வறிவுரையின் ஒளியே அவ்விளக்கில் எரிந்தது எனலாம்.

தந்தோர் பெற்றோர் என்னும் நிலையும் என்றும் ஒருபடியாக நிற்பதன்று. எண்ணெய்க்கு முன் அக்கரையோரத்து மக்கள் முத்துக்குளித்து வாழ்ந்தனர். அம்முத்துக்குச் சந்தை பம்பாயில் இருந்தது. அங்கே நெடுங்காலம் புழங்கிய பணம் நம் ரூபாய். வளைகுடாப் பகுதிக்கெனவே 1959இல் இந்தியா தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. 1966 வரை அவை துபாய்ச் சந்தையில் செல்லுபடியாயின. அபுதாபியின் எண்ணெய் முதன்முதலாகக் கப்பலேறியது 1962இல். அமீரகம் திர்ஹத்தை வெளியிட்டது 1973இல். ஒரு தலைமுறைக்குள் பணம் போகும் திசையும் மனிதர் போகும் திசையும் மாறிவிட்டன. இன்று விருந்தினன் நாளை விருந்தோம்புவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஒரு நெஞ்சில் இரு கொடிகள்

பிறர் கொடிக்கு விளக்கேற்றினால் நம் கொடியின்மீதுள்ள பற்றுக் குறையுமோ என்று ஐயுறுவோர்க்கு அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றைக் கூறுவோம். 2011 ஆகஸ்ட் 15 ரமழான் மாதத்தில் வந்தது. அமீரகத்தில் அது வேலைநாள். ஸஹர் உணவு உண்டு, ஃபஜ்ருத் தொழுது, உறங்காமல் பேருந்தேறித் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குச் சென்றோம். மூவண்ணக் கொடி ஏறியது. பஞ்சாபியரும் மலையாளிகளும் தமிழரும் ஒரே குரலில் நாட்டுப்பண் பாடினர். ஊரில் எத்தனையோ ஆண்டு கேட்டும் கலங்காத கண்கள் அன்று கலங்கின. கையில் கொடுத்த இனிப்பை நோன்பாளிகள் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு வேலைக்கு விரைந்தனர். அன்று மாலை நம் இல்லத்தில் பேரீச்சம்பழத்தோடு அவ்வினிப்பும் நோன்பு திறக்கும் தட்டில் இடம்பெற்றது.

நாட்டுப்பற்று ஈமானின் ஒரு கூறு என்னும் தொடரை நம் மேடைகளில் நபிமொழியாகச் சொல்வது வழக்கம். அது நபிமொழியாக உறுதிப்படவில்லை என்பது ஹதீஸ்கலை அறிஞர் முடிபு. ஆயினும் அத்தொடர் இல்லாமலே அக்கருத்துக்கு வலுவான சான்று உண்டு. மக்காவை நீங்கும் வேளையில் பெருமானார் (ஸல்) அவர்கள் அம்மண்ணைத் திரும்பி நோக்கி, அதுவே தமக்கு மிக விருப்பமான ஊர் என்றும், தம் மக்கள் வெளியேற்றியிராவிடின் தாம் அதனை விட்டு அகன்றிருக்கமாட்டார் என்றும் உரைத்த செய்தியைத் திர்மிதி நூல் பதிவு செய்கின்றது. அவ்வாறு மக்காவை நேசித்தவர்களே மதீனாவுக்காகவும் துஆச் செய்தார்கள். பிறந்த மண்ணின் நினைவும் புகுந்த மண்ணின் நன்றியும் ஒரு நெஞ்சில் ஒருங்கே தங்கும் என்பதற்கு இது போதும்.

வாயிற்காவலரும் மூவரும்

இனி டிசம்பர் 2ஆம் நாள் மாலைக்குத் திரும்புவோம். இதுவரை கூறியவை கேட்க இனியவை. இனிக் கூறப்போவது நம் குறை.

வாணவேடிக்கை காணக் கடற்கரையோரத் திடல் ஒன்றுக்குத் துணைவியாரோடும் நான்கு வயது மகளோடும் சென்றோம். வாயிலில் குடும்பத்தினர்க்கு மட்டுமே அனுமதி என்று காவலர் மறித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவலரும் அந்நாட்டவர் அல்லர். நம்மைப் போலவே பிழைக்க வந்தவர். வாயிலின் ஓரத்தில் மூன்று இளைஞர் நின்றனர். திருவாடானைப் பக்கத்தவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஒருவர் நெற்றியில் திருநீறு. சஜ்ஜா தொழிற்பேட்டை முகாமிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தனர். நாம் மகளோடு தமிழில் பேசியதைக் கேட்டு அருகில் வந்தனர்.

"சார், தமிழா? நாங்க மூணு பேரும் உங்க கூட வந்தவங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

அவ்வொரு வார்த்தையை நாம் சொல்லவில்லை. சொன்னால் காவலர் நம்மையும் தடுத்துவிடுவாரோ என்று ஒரு கணம் தயங்கினோம். அந்த ஒரு கணத்தில் காவலர் நம் குடும்பத்துக்கு வழிவிட்டுக் கையசைத்தார். உள்ளே சென்றுவிட்டோம். வானில் பூத்த ஒளியைக் கண்டு மகள் கைகொட்டிச் சிரித்தாள். நாம் திரும்பிப் பார்த்தபோது வாயிலில் அம்மூவரும் இல்லை.

அங்கே குடும்பத்தை விட்டு வந்தவரைப் 'பேச்சிலர்' என்று அழைப்பர். மணமாகி மூன்று மக்களைப் பெற்றவரும் அங்கே 'பேச்சிலர்'தான். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஊதியம் பெறுவோரே மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள இயலும். பொருள் தேடிப் பிரியும் பிரிவைத் தமிழ் இலக்கணம் 'பொருள்வயிற் பிரிவு' என்று பெயரிட்டுப் போற்றியது. கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறும். இவற்றையெல்லாம் வகுப்பறையில் நயம்படக் கற்பித்த நாம், அப்பிரிவை உடலால் வாழ்ந்துகொண்டிருந்த மூவரை வாயிலில் விட்டுச் சென்றோம். இலக்கணம் அறிந்தோமேயன்றி அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் நின்றவரை அறிந்திலோம்.

இதனால் அந்நாட்டைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணிமுதல் 3 மணிவரை வெட்டவெளியில் எவரையும் வேலை வாங்கலாகாது என்பது அங்கே சட்டம். 2024 பிப்ரவரியில் அபுதாபியில் பெரியதோர் இந்துக் கோயில் திறக்கப்பட்டது; அதற்கான நிலத்தை வழங்கியவர் அந்நாட்டு ஆட்சியாளரே. குறைகளும் உண்டு, நிறைகளும் உண்டு. அந்நாட்டின் குறைகளைத் திருத்தும் உரிமை விருந்தினராகிய நமக்கு இருந்ததில்லை. நம் ஊரின் குறைகளைத் திருத்தும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

ஆகஸ்ட் 15, நம் வளாகத்தில்

2024 ஆகஸ்ட் 15 அன்று நம் கல்லூரியில் கொடியேற்று விழா நடைபெற்றது. அவ்வேளையில் வளாகத்தில் புதிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் கொத்தனாராகவும் கம்பி கட்டுவோராகவும் சித்தாளாகவும் பணிபுரிந்தோர் பெரும்பாலும் பீகார், ஒடிசா மாநிலத்து இளைஞர். விடுமுறை நாளாயினும் அவர்களுக்கு வேலை இருந்தது. நாட்டுப்பண் தொடங்கியதும் சாரத்தின்மேல் சுத்தியலோசை நின்றது. ஏழெட்டு இளைஞர் சாரத்திலேயே நிமிர்ந்து அசையாமல் நின்றனர். அவர்களின் உதடுகள் அசைந்தன. கீழே வரிசையில் நின்ற நம் மாணவர் சிலர் அப்போது கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பண் முடிந்து இனிப்பு வழங்கினர். அவ்விளைஞருள் நால்வர் இறங்கிவந்து திடலின் ஓரத்தில் நின்றனர். எதையும் கேட்கவில்லை, கொடியை அண்ணாந்து நோக்கி நின்றனர். நம் காவலாளி கையை வீசி, "வேலையைப் பாருங்கப்பா" என்று அவர்களைப் போகச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிச் சென்றனர். காவலாளியைக் குறை கூற நாம் யார்? அவர்களையும் அழையுங்கள் என்று அவரிடம் எவரும் சொல்லி வைக்கவில்லை. இனிப்புப் பெட்டிகளை எண்ணி வாங்கிய குழுவில் நாமும் ஒருவர். மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை, அலுவலர் எத்தனை என்று எண்ணினோம். சாரத்தின்மேல் நின்றவரை எண்ணினோமில்லை.

அக்கணத்தில் சார்ஜாக் கடற்கரையின் வாயில் நம் கண்முன் வந்து நின்றது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அங்கே நாம் வேறொரு நாட்டாரின் கொடியின்கீழ் நின்ற அயலார். இங்கே இவர்கள் நின்றது தங்கள் சொந்தக் கொடியின்கீழ். பிறர் வீட்டு விழாவில் நம்மை வாயிலில் நிறுத்தியதற்காக வருந்தினோம். தம் வீட்டு விழாவிலேயே இவர்களை நாம் வாயிலில் நிறுத்தினோம்.

இவர்களின் நிலையை நம் சமுதாயத்தைவிட நன்கறிந்தவர் எவர்? 2020ஆம் ஆண்டைச் சற்றே நினைவுகூர்வோம். ஊரடங்கில் வழியெல்லாம் நடந்து சோர்ந்த தொழிலாளருக்கென அவ்வாண்டு மே 1இல் சிறப்பு இரயில்கள் ஓடத் தொடங்கின. வளைகுடாவில் சிக்கித் தவித்தோரை ஏற்றிக்கொண்டு முதல் விமானம் அபுதாபியிலிருந்து கொச்சிக்கு வந்தது மே 7இல். ஒரு வாரத்துக்குள் நிகழ்ந்த இவ்விரண்டும் ஒரே துயரத்தின் இரு முகங்கள். அயல்நாட்டில் அடைபட்ட மகனுக்காக இங்கே தாய் அழுதவாறே, நம் ஊரில் அடைபட்ட மகனுக்காகப் பீகாரில் ஒரு தாய் அழுதாள். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொலிகள் பரவியபோது, அஞ்சிய இளைஞர் பலர் மூட்டை முடிச்சோடு இரயில் நிலையங்களில் குவிந்தனர். அவை பொய் என்று அரசும் காவல்துறையும் விளக்கின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்றும் நேரில் வந்து கண்டது. ஆயினும் அவ்வதந்தி அத்துணை விரைவில் நம்பப்பட்டது ஏன்? அடுத்த தெருவில் வாழ்வோரில் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒருவர்கூட அவ்விளைஞர்க்கு இல்லாததும் ஒரு காரணம் அன்றோ?

அன்சார்கள் ஆவது எந்நாள்?

ஹிஜ்ரத் என்றதும் நம் பேச்சாளர்கள் முஹாஜிர்களின் துயரை உருக்கமாக எடுத்துரைப்பர். நம்மிடமும் பயணக் கதைகள் ஆயிரம் உண்டு. எனினும் முஹாஜிர்கள் வெளியேறியது நம்பிக்கையின் பொருட்டு. நாம் சென்றது வருவாயின் பொருட்டு. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. அவ்வரலாற்றில் முஹாஜிர்கள் பாதி, அன்சார்கள் மறுபாதி. தம்மிடம் குடிபெயர்ந்து வந்தோரை நேசித்தவர் என்றும், தமக்கே தேவை இருந்தபோதும் அவர்களுக்கு முன்னுரிமை தந்தவர் என்றும் திருக்குர்ஆனின் 59ஆம் அத்தியாயம் 9ஆம் வசனம் போற்றுவது மதீனத்து மக்களையே.

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்சார் ஒருவரையும் முஹாஜிர் ஒருவரையும் இணைத்து உடன்பிறப்பாக்கினார்கள். அவ்வாறு இணைக்கப்பட்ட ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ அதனை ஏற்கவில்லை. அவர்களுக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டினால் போதும் என்றார்கள். இவ்வரலாற்றில் நமக்குரிய பாடம் தெளிவானது. நம் ஊருக்கு உழைக்க வந்தவர் நம் செல்வத்தில் பாதியைக் கேட்கவில்லை. சந்தைக்கு வழி கேட்கின்றார். மருத்துவமனையில் சீட்டு வாங்க மொழி கேட்கின்றார். கொடியேற்றும்போது நிற்க ஓர் இடம் வேண்டி நிற்கின்றார்.

தமிழ் மரபும் இதற்கு அயலன்று. 'விருந்து' என்னும் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் புதுமை. ஆகவே விருந்தினர் என்போர் உறவினர் அல்லர். முன்பின் அறியாப் புதியவரே. உறவினர்க்கு ஆக்கிப் படைத்துவிட்டு விருந்தோம்பினோம் என்று பெருமை கொள்வது சொல்லின் பொருளுக்கே முரண். வேற்று நாடுகளிலிருந்து வந்த பன்மொழி மக்கள் ஒன்றுகலந்து இனிதே வாழ்ந்ததைப் புகார் நகரின் சிறப்புகளுள் ஒன்றாகப் பட்டினப்பாலை பாடுகின்றது. கடலோரத்து யவனர் இருக்கைகளைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. வந்தவர் இனிதே வாழ்வதை நகரின் பெருமையாகக் கருதிய புலவர்களின் நூல்களையே நாம் நாள்தோறும் கற்பிக்கின்றோம்.

செய்யத்தக்கவை

கருத்துரைத்து அமைதல் எளிது. ஆகவே நம் கைக்கெட்டிய சிலவற்றை முன்மொழிகின்றோம்.

முதலாவது, வரும் சனவரி 26, ஆகஸ்ட் 15 நாள்களில் வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் பணிபுரியும் பிற மாநிலத் தொழிலாளரை முறைப்படி அழைத்து, வரிசையின் முன்னே நிறுத்துவோம். இனிப்பை எண்ணும்போது அவர்களிலிருந்து எண்ணத் தொடங்குவோம். அவர்களுள் ஒருவர் தம் மொழியில் இரண்டு நிமிடம் பேசட்டும். நம் மாணவர் கேட்கட்டும்.

இரண்டாவது, தமிழ்த்துறைக்குரிய பணி. மாலை வேளையில் வாரம் இரு நாள், கடையில், பேருந்தில், மருத்துவமனையில் பேசத் தேவையான தமிழை அவர்களுக்குக் கற்பிக்கும் எளிய வகுப்பை நடத்துவோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இதற்குத் துணைநிற்க இயலும். கற்பிக்கும் மாணவரும் அவர்தம் மொழியில் பத்துச் சொற்களேனும் கற்பர். அரபு மண்ணில் நம் பிள்ளைகள் அரபுப் பண்ணைப் பாடியதைக் கேட்டு அந்நாட்டார் முகம் மலர்ந்ததை நாம் கண்டிருக்கின்றோம். ஒருவர்தம் மொழியில் சொல்லும் ஒரு சொல்லுக்கு அத்துணை ஆற்றல் உண்டு.

மூன்றாவது, ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நம் கட்டடங்களிலும் கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரியும் இவ்விளைஞர்க்குச் சித்திரை வெயிலில் நண்பகல் ஓய்வு உண்டா, உறங்க முறையான இடம் உண்டா, கூலி நாள் தவறாமல் கிடைக்கின்றதா என்று ஒரு முறை உசாவுங்கள். வளைகுடாவில் நம் மைந்தர்க்கு எவை கிடைக்க வேண்டும் என்று துஆச் செய்கின்றோமோ, அவற்றை இங்கே பிறர் மைந்தர்க்கு நாம் வழங்க வேண்டாமா? வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. அப்பணிப்பு, கூலி பெறுவோர் எம்மதத்தவர், எம்மொழியினர் என்று வினவவில்லை.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மனம் வேண்டும், ஒரு சொல் வேண்டும்.

கீழக்கரைக் காக்கா அறுபதை எட்டியதும் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். அண்மையில் அவரைக் காணச் சென்றோம். அவர் வீட்டுத் திண்ணையில் ஒடிசா இளைஞர் இருவர் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். எதிர்வீட்டில் தளக்கல் பதிக்க வந்தவர்களாம். "யார் காக்கா இவர்கள்?" என்று கேட்டோம். "நம்ம கூட வந்தவங்க தம்பி" என்றார் அவர், வேறெதுவும் விளக்காமல்.

2011ஆம் ஆண்டு வாயிலில் நின்ற மூவர்க்காக நாம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுவேயாகும். அம்மூவரை இனி நாம் எங்கே தேடுவோம்? ஆனால் அவர்களைப் போன்றோர் நம் வளாகத்துச் சாரத்தின்மேல் இன்றும் நிற்கின்றனர். அடுத்த கொடியேற்று நாளில் காவலாளி அவர்களை நோக்கிக் கையுயர்த்துமுன், இக்கல்லூரியின் மாணவரும் ஆசிரியரும் பெரியோரும் முந்திக்கொண்டு, இவர்கள் நம்மோடு வந்தவர்கள் என்று சொல்வோமாக. இன்ஷா அல்லாஹ், அதனைச் சொல்லும் முதல்வராக நாம் இருக்க முயல்வோம்.